அர்த்தம் கேட்டதற்குப் பத்துப் புள்ளி

டோரீன் டௌஸை அடக்கம் செய்துவிட்டு வந்து, எல்லோரும் கையில் ஹாம் சாண்ட்விச்சும் தேநீர்க் கோப்பையுமாக, என்ன பேசுவதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கிழக்குக் கரைச் சொற்கட்டை மன்றத்தின் தலைமை நடுவர் லயனல் கிராப்ட்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டோரீனின் கணவர் நார்மனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மன்றத்தின் சார்பா ரொம்ப வருத்தம், திரு. டௌஸ். அந்தப் பத்துப் புள்ளிய நாங்க பெருசா எடுத்துக்கல. நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க.”

“எந்தப் பத்துப் புள்ளி?” என்றார் நார்மன்.

“கடைசி ஆட்டத்துல கழிச்சது. மேசையில உக்காந்துக்கிட்டு ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாங்க. விதிப்படி பத்துப் புள்ளி. அப்புறம்தான் மயங்கி விழுந்தாங்க. விழுந்ததுக்கு எதுவும் கழிக்கல.”

நார்மனுக்குக் கையிலிருந்த சாண்ட்விச் கனத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் சரி, அங்கே போன பிறகும் சரி, டோரீன் வாய் திறக்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியது என்ன என்று யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுக்குக் கேட்டா?”

கிராப்ட்ரீயின் முகம் வாடியது. தன் வீட்டுக் கழிப்பறைக்குள் யாரோ எட்டிப்பார்த்ததுபோல் ஆகிவிட்டது அவருக்கு. “மேசையில பேசினது மேசையோட போச்சு, திரு. டௌஸ். வெளிய சொல்றதில்ல. இந்த நேரத்துல இதையெல்லாம் கேட்டு மனச வருத்திக்காதீங்க. சாண்ட்விச் நல்லா இருக்கு. கடுகு விழுது நீங்களே அரைச்சதா?”

விஷயம் இதுதான். பைக்குள் கைவிட்டு ஏழு எழுத்துக் கட்டைகளை எடுக்க வேண்டும். அவற்றைக் கட்டம் போட்ட பலகையில் ஆங்கிலச் சொல்லாக அடுக்க வேண்டும். அரிதான எழுத்து வைத்தால் புள்ளி அதிகம். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி போல மழையும் மீன் நாற்றமும் விடாத துறைமுக ஊரில் சனிக்கிழமையைக் கழிக்க இது ஒரு வழி. வீட்டில் ஆடினால் பொழுதுபோக்கு, மன்றத்தில் ஆடினால் நோன்பு. மன்றத்தார் சொற்களை எழுத்துவாரியாகக் கட்டுக் கட்டாக நெட்டுருப் போடுவார்கள். க்யூ இருந்து பக்கத்தில் யூ இல்லாத சொற்கள் ஒரு கட்டு. உயிரெழுத்தே இல்லாத சொற்கள் ஒரு கட்டு. இசட்டும் எக்ஸும் வரும் குட்டிச் சொற்கள் ஒரு கட்டு. எதற்கும் அர்த்தம் மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்து தொலைத்தவர்கள் மறக்கப் பாடுபட்டார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் ஞாபகம் வருகிற நேரத்தில் எதிராளி இரண்டு சொல் வைத்துவிடுவான் என்பது மன்றத்தின் ஆதிக் கொள்கை. க்யூ சொற்களில் பாதிக்கு மேல் கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி வந்தவை. நம் பக்கிரி அங்கே முப்பது வருஷமாகப் பலகையில் படுத்துக்கிடக்கிறார். அவர் பிச்சையெடுப்பவர் என்று அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. காஜி என்றால் நீதிபதி என்பது தலைமை நடுவருக்கே தெரியாது.

டோரீனுக்கு இந்த நோன்பு பிடிபடவே இல்லை. “பேர் மட்டும் தெரிஞ்ச ஆள நீ வீட்டுக்குள்ள விடுவியா, நார்மன்?” என்பாள். அவர்கள் மீன் வறுவல் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே ஏற்பாடு இதுதான்: சொற்களை மனப்பாடம் செய்வது அவள் வேலை, அர்த்தம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. எண்ணெய் காயும் நேரத்தில் அவர் அகராதியைப் புரட்டி உரக்கப் படிப்பார். அவள் உருளைக்கிழங்கு நறுக்கியபடி கேட்பாள். ஸோ என்றால் யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த மாடு என்று தெரிந்த அன்று அவள் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அகராதியின் ஓரமெல்லாம் வறுவல் எண்ணெய் ஊறிப் பக்கங்கள் கண்ணாடியாய்த் தெரிந்தன.

அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. ஒருநாளும் “இங்க வா” என்று அவரைக் கூப்பிட்டதில்லை. குளியல் தொட்டியில் சிலந்தி இருந்தாலும், முதுகு ஜிப் மாட்டிக்கொண்டாலும், மாடியில் தனியாக உட்கார்ந்து மனசு சரியில்லாமல் போனாலும், அங்கிருந்தே ஏதாவது ஒரு பழைய சொல்லைத் தூக்கி வீசுவாள். “நார்மன்! கனாத்னா என்ன?” “நார்மன்! ஸோன்னா என்ன?” எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவரும் அர்த்தம் சொல்ல மாட்டார். “இதோ வந்துட்டேன்” என்று படியேறுவார். முழங்கால் கெட்ட பிறகும் ஏறினார்.

மன்றத்துக்கும் அவளோடு போய்க்கொண்டிருந்தார், பார்வையாளர் வரிசையில் உட்கார. ஒருநாள் யாரோ சூக் என்ற சொல்லை வைத்தபோது, “அட, சந்தை” என்று முணுமுணுத்துவிட்டார். அவ்வளவுதான். ‘அர்த்தம் பரப்பும் நபர்’ என்று தீர்மானம் போட்டு, மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் அவருக்கென ஒரு நாற்காலி போட்டார்கள். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் பிளாஸ்கில் தேநீரோடு அங்கே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு கதவு. டோரீன் எப்போதும் அந்தக் கதவைப் பார்த்த மாதிரி இடம் பிடித்துக்கொள்வாள்.

அவள் மயங்கி விழுந்த அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார். உள்ளே கிராப்ட்ரீயின் மணி அடித்தது. யாராவது அர்த்தம் பேசினால் அடிக்கிற மணி அது. அதை அடிக்கவைப்பது பெரும்பாலும் டோரீன்தான். ‘வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாளே’ என்று நார்மன் தனியாகச் சிரித்துக்கொண்டார். இடைவேளைக்கு வருவாள் என்று அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தார். அது ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

அந்த மணி எதற்கு அடித்தது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. புதிதாக ஏதோ ஒரு சொல், எதிராளி வைத்தது, அவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, கேட்டிருக்கிறாள், யாரும் சொல்லவில்லை. அர்த்தம் சொல்வது அவர் வேலை. அந்த ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதை முடிக்காமல் தான் எப்படிச் சாப்பிட்டுத் தூங்குவது என்று நார்மனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு டோரீனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர் ஆட்ரி பிளாஞ்சர்ட். மன்றத்தின் முதல் ஆட்டக்காரர். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். வாழ்நாளில் ஒருமுறைகூட மணி வாங்காதவர். அவரை நார்மன் மீன் சந்தையில் பிடித்தார்.

“ஒரே ஒரு சொல்லு, ஆட்ரி. காதுல சொன்னாப் போதும்.”

ஆட்ரி கையிலிருந்த ஹாடக் மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மேசைக்கு வெளிய நான் சொல்லக் கூடாது, நார்மன். சத்தியம் பண்ணிருக்கேன்.”

“மேசைக்கு உள்ள?”

“மேசையில பேசினத மேசையில சொல்லலாம், மணி விழுந்தாலும். எதிர்ல உக்காந்து ஆடறவங்களுக்கு மட்டும்.” கடைக்காரரிடம் காசை நீட்டிவிட்டு ஒரு நொடி நின்றார். “ஆட வாங்களேன்.”

அப்படித்தான் எழுபத்துமூன்று வயதில், ஆட்டம் ஆடத் தெரியாத நார்மன் டௌஸ் சொற்கட்டை மன்றத்தில் சேரப் போனார்.

சேர்வது லேசில்லை. முதலில் அர்த்தத் துறப்பு. எழுத்துக் கட்டைப் பையின்மேல் வலக்கையை வைத்து, “இன்று முதல் எந்தச் சொல்லும் எனக்கு எதுவும் இல்லை” என்று மூன்று முறை சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் அகராதியை ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய அந்த அகராதியை கிராப்ட்ரீ இரண்டு விரலால் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஊர் நூலகத்தில் இன்னொன்று இருந்தது. அதைப் பற்றி மன்றம் கேட்கவில்லை, நார்மனும் சொல்லவில்லை.

பிறகு பரிசோதனை. கிராப்ட்ரீ எதிரே உட்கார்ந்து ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் பூனை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நார்மனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“மூணு எழுத்து,” என்றார் நார்மன், சொல்லிக்கொடுத்தபடி.

“உள்ளுக்குள்ள?”

நார்மன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “எங்க வீட்டுப் பூனை. டோரீன் போனதிலேருந்து அவ செருப்பு மேலதான் படுத்துக்கிடக்கு.”

கிராப்ட்ரீ பெருமூச்சு விட்டார். “முத்திப்போச்சு,” என்றார். “ஆனா வருத்தப்படாதீங்க. உங்கள மாதிரி ஆளுங்களையும் நாங்க தேத்தியிருக்கோம். எங்க பொருளாளர் வந்தப்போ ரொட்டிங்கற சொல்லப் பாத்தா எச்சில் ஊறும் அவருக்கு. இப்போ அவரால ரொட்டியப் பாத்தாக்கூட ஒண்ணும் தோணல. சாப்பாட்டு நேரத்துல அவர் பொண்டாட்டிதான் ஞாபகப்படுத்துறாங்க.”

நார்மன் அர்த்த நீக்க வகுப்பில் சேர்க்கப்பட்டார். வாரம் ஒருநாள் மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே சொல்லை நூறு தடவை சொன்னார்கள், அது வெறும் சத்தமாகத் தேய்கிறவரை. வீடு, வீடு, வீடு. கடல், கடல், கடல். மற்றவர்களுக்குத் தேய்ந்தது. நார்மனுக்கு மட்டும் சொல்லச் சொல்ல வீடு பெரிதாகிக்கொண்டே போனது. மனைவி, மனைவி என்று ஆரம்பித்த அன்று அவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மண்டபத்தில் தேநீர் கொடுக்கும் ஜேனிஸ்தான் வெளியே கைத்துண்டோடு நின்றாள். மன்றத்தில் உறுப்பினர் அல்லாத ஒரே ஜீவன் அவள்.

“மூஞ்சத் தொடச்சுக்கோ கண்ணு. இதுங்களப் பாத்து நீ ஏன் அழுவுற? இதுங்களுக்கு டீ குடுக்கறதுக்கே எனக்குப் பைத்தியம் புடிக்குது. டீயும் பட்டியல்ல இருக்கற சொல்லாம். வேணுமான்னு கேட்டா அர்த்தத்தோட பேசினதா ஆயிருமாம். ஊமை மாதிரி கோப்பையத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கறேன்.”

“வேலைய விட்டுட வேண்டியதுதானே.”

“விட்டுட்டா யாரு உனக்கு பிஸ்கட் எடுத்து வைப்பா? போ, போயி உக்காரு.”

அதே ஜேனிஸ் அடுத்த மாதம் ரொட்டி வாட்டும் மின்பெட்டி புகைந்து திரைச்சீலை பற்றிக்கொண்டபோது, “தீ!” என்று அலறினாள். மணி அடித்தது. இரண்டு பேர் அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, மலிவான சொல் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். நார்மன்தான் தன் பிளாஸ்க்கைத் திறந்து திரைமேல் ஊற்றினார். உறுப்பினர் ஒருவர் ஒரு சொல்லுக்கு அதன் அர்த்தப்படி நடந்துகொண்டார் என்று அவருக்குப் பத்துப் புள்ளி போனது.

இப்படிப் புள்ளி போய்ப்போய் நார்மன் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்; முதலிடத்து ஆட்ரிக்கு எதிரே உட்காரும் வாய்ப்பும் எட்டிப்போய்க்கொண்டிருந்தது. ஆட்டத்தில் எதிராளி ஸோ வைத்தால் அவர் வாய் தானாகச் சிரித்துவிடும், பத்து. பனிக்கட்டி அரித்த மலைக் குழிவுக்கு உயிரெழுத்தே இல்லாமல் கூம் என்றொரு சொல் உண்டு. அதைப் பார்த்ததும் இருவரும் வேல்ஸ் மலைக்குப் போய் மழையில் நனைந்த ஞாபகம் முகத்தில் தெரிந்துவிடும், பத்து. கோடை முடிவதற்குள் மன்றத்தின் வரலாற்றிலேயே யாரும் தொடாத அடிமட்டத்தைத் தொட்டார். பூஜ்யத்துக்குக் கீழே எப்படி எழுதுவது என்று பொருளாளர் தனியாகக் கூட்டம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைக்குப் போவார். அவள் கேட்டது எந்தச் சொல்லாக இருக்கும் என்று தெரியாததால், நூலகத்தில் பார்த்துக்கொண்டு வந்த புதுச் சொற்களை வரிசையாகச் சொல்வார். அவளுக்குத் தெரிந்தவற்றைச் சொல்லி நேரத்தை வீணாக்கக் கூடாதென்று ஸோ, சூக், கனாத் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். “குரூத்துன்னா பழைய காலத்துப் பிடில் மாதிரி, டோரீன். இதுவா கேட்ட?” என்று குனிந்து கேட்பார். பக்கத்துக் கல்லறைக்கு வருகிற அம்மாள் ஆரம்பத்தில் பயந்தார். பிறகு பழகிப்போய், பூச்சாடிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

இலையுதிர் காலத்தில் மன்றம் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தது. டோரீன் டௌஸ் நினைவுக் கோப்பை என்று ஒரு போட்டி. பரிசு, ஆட்டம் முழுக்க யார் அதிக மௌனமாக இருக்கிறார்களோ அவருக்கு. மேடையில் டோரீனின் படம். கடையில் எடுத்தது, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். வாய் திறந்திருந்ததால் விதியை மதித்துப் படத்தைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

கோப்பைப் போட்டி என்றால் முதல் சுற்றில் முதலிடக்காரரோடு கடைசி இடக்காரர் மோதுவது மன்ற வழக்கம். ஆட்ரி பிளாஞ்சர்ட், நார்மன் டௌஸ் என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து நார்மன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். வேண்டுமென்றே தோற்கவில்லை அவர். அவருக்கு அப்படித்தான் வாய்த்தது.

கிராப்ட்ரீ மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே! திருமதி டௌஸ் நல்ல ஆட்டக்காரி. ஒரே ஒரு குறை. எதப் பாத்தாலும் என்ன ஏதுன்னு கேப்பாங்க. நாமெல்லாம் பாடம் படிக்கணும். அர்த்தங்கறது என்ன? சுமை! நான் என்னையே உதாரணம் சொல்றேன். இருபது வருஷமா தலாக்னு ஒரு சொல்ல வச்சுக்கிட்டு இருக்கேன். க்யூல முடியும். அருமையான சொல்லு. என்ன அர்த்தம்னு இன்னி வரைக்கும் தெரியாது. போன வருஷம் என் மனைவி மார்கரெட் என்னை விட்டுட்டுப் போன அன்னிக்குக் காலையில, வாசல்ல பெட்டியோட நின்னு ஏதோ சொன்னா. என்ன சொன்னான்னு நான் கவனிக்கல. எத்தனை எழுத்துன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு மத்தியானமே தலாக் வச்சு முதல் பரிசு வாங்கினேன்! அதுதான் பயிற்சி!”

எல்லோரும் கைதட்டினார்கள். தலாக் என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும். நார்மன் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். சட்டையின் பித்தான் ஒன்று அறுந்து, வேறு நிற நூலால் கோணலாகத் தைத்திருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இத்தனை மாதத்தில் அவர் மன்ற விதியை மதித்தது அந்த ஒருமுறைதான்.

ஆட்டம் ஆரம்பித்தது. டோரீன் உட்காரும் இடம், கதவைப் பார்த்த நாற்காலி, நார்மனுக்கு வந்திருந்தது. எதிரே ஆட்ரி. அவர் பைக்குள் கைவிட்டுக் கட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

நார்மன் எதையும் வைக்கவில்லை. முன்னால் சாய்ந்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சாதாரணக் குரலில் கேட்டார். “ஆட்ரி, அன்னிக்கு டோரீன் என்ன சொல்லுக்கு அர்த்தம் கேட்டா?”

மணி அடித்தது. “பத்து!” என்றார் கிராப்ட்ரீ.

ஆட்ரி மணியைப் பார்த்தார். தன் முறை முடிந்ததும் அமுக்குகிற ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒரு மணிகூட வாங்காத பெண்மணி அவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“கனாத்.”

மணி. யாரோ “ஐயோ, ஆட்ரி” என்றார்கள். அவருக்கும் மணி.

“நான்தான் வச்சேன்,” என்றார் ஆட்ரி. “க்யூ நல்ல கட்டத்துல விழுந்துச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு, நார்மன். பலகையப் பாக்கவே இல்ல. அதோ அந்தக் கதவப் பாத்தா. கதவப் பாத்துக்கிட்டுதான் கேட்டா. ‘நார்மன், கனாத்னா என்ன?’ன்னு.”

மணி.

“இந்த ஆளு இப்படித்தான் மணி அடிச்சாரு. அவ இன்னொரு தடவ கேட்டா. சத்தம் வரல, உதடு மட்டும் அசைஞ்சுது. சத்தம் வராததால அதுக்குக் கழிக்கல. நான்… அவ நேரம் ஓடட்டும்னு நான் கடிகாரத்த அமுக்கினேன்.”

ஆட்ரி வாயைப் பொத்திக்கொண்டார். ஜேனிஸ் கையிலிருந்த கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

நார்மனுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. கனாத்? அது அவளுக்குத் தெரியுமே. கடை வைத்த வருஷமே தெரியுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேண்டாமென்று விட்டுவிட்ட சொல் அல்லவா? அப்புறம்தான் மெதுவாக ஏறியது.

“அவ அர்த்தம் கேக்கல,” என்றார். மணி. “அவளுக்குத் தெரியும்.” மணி. “என்னத்தான் கூப்பிட்டா.”

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பொருளாளர் எழுதி எழுதி, பிறகு பேனாவை வைத்துவிட்டார்.

உடம்பு தள்ளாடும்போது, அந்த வீம்புக்காரி அப்போதும் ‘இங்க வா’ என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் புரிகிற விதத்தில் கூப்பிட்டிருக்கிறாள். அவர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், தேநீர் ஊற்றிக்கொண்டு, மணிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தால் நாலு எட்டு.

நார்மன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு சாத்தியிருந்தது. அதற்கப்பால் தாழ்வாரத்தில் அவருடைய நாற்காலி இன்னும் கிடந்தது; யாரும் எடுத்துப் போடவில்லை. மேடையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த படத்திடம் போனார். அதை நேராகத் திருப்பி வைத்தார்.

“இதோ வந்துட்டேன், டோரீன்,” என்றார்.

கிராப்ட்ரீயின் கை மணிக்குப் போய், பாதியில் நின்றது. இது கனாத்துக்கு அர்த்தம் சொன்னதாகுமா, ஆகாதா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனசாட்சியுள்ள நடுவர் அவர். அலமாரியைத் திறந்து, எண்ணெய் ஊறிய அந்தப் பழைய அகராதியை எடுத்தார். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துக் க்யூவைக் கண்டுபிடித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பழக்கமில்லாத குரலில் படித்தார்.

“கனாத். மலையடியிலேருந்து வறண்டுபோன ஊருக்கு, மண்ணுக்கடியிலேயே தண்ணி கொண்டுவர்ற வழி. மேல நிக்கிறவங்களுக்குத் தண்ணி வர்றது தெரியாது.”

படித்து முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பிறகு, நேர்மையான மனிதராகையால், தனக்குத்தானே ஒருமுறை மணி அடித்துக்கொண்டார்.

“இதோ வந்துட்டேன்னு இதுல எங்கயும் இல்ல,” என்று அறிவித்தார். “அதனால திரு. டௌஸ் சொன்னதுக்கு விதிப்படி அர்த்தம் எதுவும் இல்ல. புள்ளி கழிக்கப்படல.”

யாரும் கைதட்டவில்லை. நார்மன் படத்தின் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்க தோஷம், காது மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. அது அடித்திருந்தால் உள்ளே இன்னும் டோரீன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.